கைப்பேசி சொன்ன பாடமும் பாட்டியம்மா சொன்ன பாடமும்

நான் டில்லிக்கு வேலைக்கு வந்தது 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த ஆண்டில். கரோல் பாகில் ஒரு மாடி அறையில் நான்கு பேராகத் தங்கியிருந்தோம். ஞாயிறு மாலை தமிழில் ஆராதனை நடக்கும் இடத்தைக் கேட்டு விசாரித்துப் போய்ச் சேர்ந்த அன்று, ஊருக்கே போய் வந்ததுபோல் இருந்தது. அன்று முதல் இன்றுவரை அதே சபைதான்.

எங்கள் சபை சிறியது. ஏறக்குறைய எழுபது குடும்பங்கள். திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரை, வேலூர் என்று பல ஊர்க்காரர்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன், மெதடிஸ்ட் என்று பல பிரிவினர். சொந்தக் கட்டடம் கிடையாது. வேறொரு சபையாரின் ஆலயத்தில் மாலை நான்கு மணிக்கு எங்களுக்கு இடம் தருகிறார்கள். டில்லியில் தமிழ் அமைப்புகள் பலவும் இப்படித்தானே தொடங்கின!

2019இல் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். 2020 ஜனவரியில் என்னைச் சபைச் செயலராகத் தேர்ந்தெடுத்தார்கள். சபைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பிரசங்கம் செய்வதும் திருவிருந்து கொடுப்பதும் ஆயரின் வேலை. கடிதம் எழுதுவது, கூட்டம் கூட்டுவது, கட்டட வாடகை கட்டுவது, அசனத்துக்கு அரிசி வாங்குவது ஆகியவை செயலரின் வேலை. முப்பத்தேழு வருடம் கோப்புகளைப் பார்த்தவனுக்கு இது ஒரு பெரிய காரியமா என்றுதான் நினைத்தேன்.

மூடிய கதவு

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. மக்கள் ஊரடங்கு. அன்று ஆராதனை இல்லை. அடுத்த வாரம் கூடலாம் என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. அக்காள் மகள் திருமணத்துக்கு நாகர்கோவில் போயிருந்த எங்கள் ஆயர் அங்கேயே மாட்டிக்கொண்டார். ரயிலும் இல்லை, விமானமும் இல்லை. "நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று தொலைபேசியில் சொன்னார்.

எதைப் பார்த்துக்கொள்வது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கைப்பேசியை எடுத்தேன்.

மார்ச் 27 அன்று இரவு, ரோமாபுரியில் புனித பேதுரு சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் தனியாக நின்று ஜெபித்த காட்சியைப் பார்த்தேன். நான் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவன். போப்பாண்டவரின் ஆராதனை ஒன்றை முழுவதுமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மழை பெய்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் கூடும் இடம் காலியாகக் கிடந்தது. 83 வயதுப் பெரியவர் படிகளில் மெல்ல ஏறிப் போனார். கூட்டம் இல்லாவிட்டாலும் மேய்ப்பன் தன் இடத்தில் நிற்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. கைப்பேசியில் நான் கற்ற முதல் பாடம் அது. நல்ல பாடம்தான்.

அதன்பிறகுதான் வழி தவறினேன்.

பாடம் கேட்க ஆரம்பித்தேன்

யூடியூபின் குணம் தெரிந்ததே. ஒன்றைப் பார்த்தால் ஒன்பதைக் கொண்டுவந்து வைக்கும். சபைத் தலைமை என்று ஒரு தடவை தேடினேன். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நம் சென்னை என்று எல்லா இடத்திலிருந்தும் போதகர்கள் வந்து வரிசையில் நின்றார்கள். ஊரடங்கில் வேறு வேலை இல்லை. பழைய ஆபீஸ் டைரி ஒன்றை எடுத்துக் குறிப்பெழுதினேன்.

சிகாகோவுக்கு அருகேயுள்ள வில்லோ கிரீக் சபையின் நிறுவனர் பில் ஹைபல்ஸ் பேச்சுகள் என்னை மிகவும் கவர்ந்தன. 1975இல் ஒரு சினிமாத் தியேட்டரை வாடகைக்கு எடுத்து ஆரம்பித்த சபை அது. பின்னாளில் அமெரிக்காவின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றாயிற்று. 1995 முதல் அவர்கள் நடத்திய தலைமைத்துவ மாநாட்டைப் பல நாடுகளிலும் திரையிட்டுப் பார்த்தார்கள். வாடகை இடத்தில் கூடும் நமக்கு ஏற்ற ஆள் இவர்தான் என்று பக்கம் பக்கமாக எழுதினேன்.

கனடாவிலிருக்கும் என் மைத்துனரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் சிரித்தார். "அத்தான், அவர் 2018லேயே விலகிட்டாரே, தெரியாதா?" என்றார். பெண்கள் பலர் அவர்மீது புகார் கூறியிருந்தார்கள். அவர் மறுத்தார். முதலில் அவர் பக்கம் நின்ற மூப்பர்கள், புகார் சொன்ன பெண்களை நம்பாமல் போனது தவறு என்று ஒப்புக்கொண்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் அனைவரும் பதவி விலகினார்கள். புகார்கள் நம்பத்தக்கவை என்று 2019இல் ஒரு தனிக் குழுவும் அறிக்கை தந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பார்த்த பேச்சுகளில் ஒன்றில்கூட இந்தச் செய்தி இல்லை. எப்படி இருக்கும்? அவை அதற்கு முன்பே பதிவானவை. மனிதர் விழுந்த பிறகும் அவருடைய பேச்சு விழாமல் நின்றுகொண்டிருக்கிறது. ஆனாலும் அந்த அதிர்ச்சி எனக்கு இரண்டு நாள்தான் இருந்தது. வேறு ஆளைப் பிடித்துக்கொண்டேன்.

212 பேர்

மார்ச் கடைசி ஞாயிறு முதல் நாங்களும் நேரலை ஆராதனை தொடங்கினோம். ஆயர் நாகர்கோவிலிலிருந்து பேசினார். நான் என் வீட்டுக் கூடத்திலிருந்து வேதபாடம் வாசித்தேன். "அப்பா, போனை இப்படிச் சாய்ச்சு வச்சா மூக்கு மட்டும்தான் தெரியும்" என்று என் மகள் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தாள்.

ஒரு ஞாயிறு 212 பேர் பார்த்ததாகத் திரை காட்டியது. சபைக்கு வழக்கமாக வருகிறவர்கள் 150 பேர். எனக்குத் தலைகால் புரியவில்லை. தூத்துக்குடியிலிருந்து பார்த்தார்கள், துபாயிலிருந்து பார்த்தார்கள். மக்கள் கேட்கும்போது வளர வேண்டும், தரமாகச் செய்ய வேண்டும் என்று டைரியில் எழுதி வைத்திருந்தேனே! ஜூன் மாதம் கேமரா, விளக்கு, மைக் எல்லாம் வாங்கினேன். 48,000 ரூபாய். கட்டட நிதியிலிருந்து எடுத்தேன். கமிட்டியைக் கூட்டவில்லை. வாங்கிய பிறகு பொருளாளரிடம் போனில் சொன்னேன்.

எங்கள் பொருளாளர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அண்ணாச்சி. அவர் சத்தம் போடவில்லை. "கணக்குல எழுத ரசீது வேணும் தம்பி. கமிட்டித் தீர்மானமும் வேணும். இல்லாம நான் எப்படி எழுத?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இந்த மனிதருக்குத் தரிசனம் இல்லை, பழைய பேரேட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று நினைத்தேன். 'தரிசனம்' என்பது அந்தப் பேச்சாளர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை. சபை எங்கே போக வேண்டும் என்று தலைவன் முன்கூட்டிக் காண்பதாம். ஒத்துவராதவர்களை வழியில் இறக்கிவிட்டுப் போக வேண்டுமாம். அதையும் டைரியில் எழுதியிருந்தேன்.

பாட்டியம்மா

ஆகஸ்ட் மாதம், ஆயர் திரும்பி வந்தபின், உதவிப் பணம் யாருக்குத் தேவை என்று குடும்பப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். ஒரு பெயரில் ஆயரின் விரல் நின்றது. "இவர்களிடம் யார் பேசினீர்கள்?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை.

கிழக்கு டில்லியில் ஓர் அறையில் பேரனோடு இருந்த விதவைப் பாட்டி அவர்கள். வயது 78. முன்பு வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். ஆலயத்தில் எப்போதும் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்காருவார்கள். நானும் ஆயரும் அன்றே போனோம். லாரி ஓட்டும் பேரன் ஊரடங்கின்போது குஜராத்தில் சிக்கி, மூன்று மாதம் கழித்து வந்திருக்கிறான். இடையில் பாட்டிக்குக் காய்ச்சல். மாடியிலிருந்த இந்திக்காரக் குடும்பம்தான் ரொட்டியும் பருப்பும் கொடுத்துப் பார்த்துக்கொண்டது. பாட்டியிடம் இருந்தது பட்டன் போன். எங்கள் நேரலையை அவர்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"சபைய மூடியாச்சுன்னு நெனச்சேன் தம்பி" என்றார்கள். நான் நேரலையைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி. ஆனா ஒரு போன் பண்ணிருக்கலாம்லா?" என்றார்கள்.

என்னிடம் பதில் இல்லை. 212 பேரை எண்ணியவன், 70 பெயர்களை எண்ணவில்லை. அன்றிரவு என் டைரியைப் புரட்டினேன். ஐந்து மாதத்தில் எண்பது பக்கம் எழுதியிருந்தேன். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டியைப் பற்றி ஒரு வரி கிடையாது.

பத்து பேருக்கு ஏழு வீடு

ஆயர் புதிதாக எதுவும் சொல்லவில்லை. வேதாகமத்தில் யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். காலை முதல் மாலை வரை தனியாக வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயை மாமனார் எத்திரோ கண்டிக்கிறார். இப்படிச் செய்தால் நீயும் களைத்துப்போவாய், ஜனங்களும் களைத்துப்போவார்கள். ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் பொறுப்பாட்களை வை என்கிறார். மருமகன் கேட்டுக்கொண்டார் என்பதுதான் இதில் பெரிய செய்தி!

பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தோம். ஆளுக்கு ஏழு வீடு. வாரம் ஒரு முறை ஒவ்வொரு வீட்டோடும் குரல் கேட்கப் பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் பூப்படம் அனுப்புவது கணக்கில் சேராது. பத்துப் பேரில் ஆறு பேர் பெண்கள். அவர்கள் யாரும் எந்தத் தலைமைப் பேச்சையும் கேட்டதில்லை. ஆனால் யார் வீட்டில் சர்க்கரை நோய், யார் வீட்டில் வேலை போயிற்று, யார் மருமகள் பிரசவத்துக்கு இருக்கிறாள் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

அந்தப் பட்டியலின் அருமை 2021 ஏப்ரலில் தெரிந்தது. டில்லியில் அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை. அப்போது கைப்பேசிதான் கைகொடுத்தது. சிலிண்டர் எங்கே கிடைக்கும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. ஆனால் யாருக்குச் சிலிண்டர் தேவை என்பது அந்தப் பத்துப் பேருக்குத்தான் தெரிந்தது. தனியாக இருந்த ஒரு தம்பியின் குரல் தடுமாறுகிறது என்று அவனை விசாரித்து வந்த அக்கா போனிலேயே கண்டுபிடித்தார்கள். அவன் பிழைத்தான். இருவரை இழந்தோம். ஆனால் யாரும் கேட்பாரில்லாமல் கிடக்கவில்லை.

அண்ணாச்சியிடம் மன்னிப்பு

அதே ஆண்டில் இன்னும் இரண்டு பாடங்கள் தொலைவிலிருந்து வந்தன.

ரவி சக்கரியாஸ் சென்னையில் பிறந்து டில்லியில் வளர்ந்தவர். 1966இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, உலகமெங்கும் பல்கலைக்கழகங்களில் பேசிப் புகழ்பெற்றார். டில்லிக் கிறிஸ்தவர்களுக்கு அவர் பெரிய பெருமை. 2020 மே மாதம் அவர் காலமானபோது நாங்களும் அஞ்சலிச் செய்தி அனுப்பினோம். 2021 பிப்ரவரியில், அவருடைய நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர் குழுவின் அறிக்கை வெளியாயிற்று. அவர் பல பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று அது கூறியது. முன்பே புகார் வந்தபோது சரியாக விசாரிக்காமல் விட்டதற்கு நிறுவனத்தின் நிர்வாகக் குழு வருத்தம் தெரிவித்தது. எங்கள் சபையில் சிலர் அழுதார்கள். சிலர் நம்ப மறுத்தார்கள்.

இரண்டாவது, சியாட்டில் நகரத்து மார்ஸ் ஹில் சபையின் கதை. 1996இல் தொடங்கிய அந்தச் சபை 15 கிளைகளாக வளர்ந்தது. கிளைகள் பலவற்றில் தலைமைப் போதகர் மார்க் டிரிஸ்கோலின் பிரசங்கத்தைத் திரையில் காட்டினார்கள். 2007இல் நிர்வாக விதிகளை மாற்றியதில் அதிகாரம் சிலர் கையில் குவிகிறது என்று ஆட்சேபித்த இரண்டு மூப்பர்கள் பணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதிகாரத்தை அடாவடியாகப் பயன்படுத்துகிறார் என்ற புகார்கள் பெருகி, 2014 அக்டோபரில் அவர் விலகினார். சில மாதங்களுக்குள் அந்த அமைப்பே கலைக்கப்பட்டது. கிளைகள் சில தனிச் சபைகளாயின. இந்த வரலாற்றை 'கிறிஸ்டியானிட்டி டுடே' பத்திரிகை 2021இல் ஒலித்தொடராக வெளியிட்டது. காலை நடையின்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன்.

கேட்கக் கேட்க எனக்கு வியர்த்தது. அது பெரிய சபை, நாங்கள் கடுகளவு. ஆனாலும் கேள்வி கேட்டவர்களை முன்னேற்றத்துக்கு இடைஞ்சல் என்று நினைத்த இடத்தில் நான் என் முகத்தைக் கண்டேன். நடையை நிறுத்திவிட்டு நேராக அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். "அண்ணாச்சி, கேமரா விஷயத்தில் தப்பு என்மேல்தான்" என்றேன். அவர் காப்பி கொடுத்தார். "ரசீத மட்டும் கொண்டாங்க தம்பி" என்றார்.

கமிட்டியைக் கூட்டி, நடந்ததைச் சொல்லி, 48,000 ரூபாயைத் தவணையில் நானே கட்டட நிதிக்குத் திருப்பிக் கட்டினேன். காணிக்கையை மூன்று பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும், மூவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது என்று விதி செய்தோம். மாதக் கணக்கைப் பலகையில் ஒட்டுகிறோம், வாட்ஸ்அப்பிலும் போடுகிறோம். செயலர் ஒருவரே நீண்ட காலம் இருக்க வேண்டாம் என்று நானே பேசிவிட்டு, 2023 ஜனவரியில் மறுபடி நிற்கச் சொன்னபோது மறுத்தேன். மறுப்பது சுலபமாக இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இதெல்லாம் புதிய ஞானம் அல்ல. எருசலேம் சபைக்காகத் திரட்டிய பணத்தைத் தான் தனியாகக் கொண்டுபோகாமல், யாரும் குறை சொல்லாதபடி வேறு சகோதரர்களும் உடன்வர பவுல் ஏற்பாடு செய்தார். 1948இல் கலிபோர்னியாவில் மொடெஸ்டோ என்ற ஊரில் பில்லி கிரகாமும் நண்பர்களும் உட்கார்ந்து, ஊழியர்கள் எதில் விழுகிறார்கள் என்று யோசித்தார்கள். பணம், ஒழுக்கம், உள்ளூர்ச் சபைகளைக் குறை சொல்வது, கூட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வது என்ற நான்கிலும் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். விழுந்த பிறகு அல்ல, விழுவதற்கு முன்பே செய்தார்கள். நான்காவதைப் படித்தபோது எனக்கு 212 நினைவுக்கு வந்தது.

தொலைவும் அருகும்

அப்படியானால் தொலைவிலிருந்து கற்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். கொலோசெ சபையாரைப் பவுல் நேரில் பார்த்ததே இல்லை. கடிதத்திலேதான் கற்பித்தார். அதை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்றார். இன்று நாம் ஒரு செய்தியை அடுத்தவருக்கு அனுப்பிவைக்கிறோமே, அதைப் போலத்தான். ஆனால் யோவானோ, எழுத நிறைய இருந்தும் நேரில் வந்து பேசவே விரும்புவதாக நண்பருக்கு எழுதினார். இரண்டும் வேண்டும்.

இப்போதும் நான் யூடியூப் பார்க்கிறேன். ஆனால் நான்கு கேள்விகளோடு பார்க்கிறேன். இது எந்த ஆண்டுப் பேச்சு? அதன்பின் அந்தச் சபைக்கு என்ன ஆயிற்று? இவரை எதிர்த்துக் கேள்வி கேட்க இவர் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? இவர் சொல்வது எங்கள் எழுபது வீடுகளில் எந்த வீட்டுக்கு உதவும்? ஒரு நிமிடத் துண்டைப் பார்த்து எதையும் முடிவு செய்வதில்லை. முழுப் பேச்சையும் கேட்கப் பொறுமை இல்லையென்றால் அதை விட்டுவிடுகிறேன்.

தொலைவில் தேடியவன் நம்மவர் ஒருவரையும் அதே கைப்பேசியில்தான் கண்டுகொண்டேன். வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874இல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். தமிழரான அவர் தெலுங்கு கற்று, தோர்ணக்கல்லுக்கு ஊழியம் செய்யப் போனார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு எடின்பரோ மாநாட்டில், மிஷனரிகள் தங்கள் பொருளையும் உயிரையும் கொடுத்தார்கள், எங்களுக்கு நட்பையும் கொடுங்கள் என்ற கருத்தில் துணிந்து பேசினார். பேராயரான பின்பும் மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் கிராமம் கிராமமாகப் போனார். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு, வந்த இடத்து மக்களோடு ஒன்றாகக் கலந்து தலைமை தாங்கிய இவரைவிட வேறு யார் வேண்டும்?

பாட்டியம்மா இப்போது இல்லை. 2024இல் காலமானார்கள். கடைசிவரை வாரம் ஒரு முறை அவர்களோடு பேசும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பேரன் வாங்கிக் கொடுத்த புதுப் போனில் நேரலையும் பார்த்தார்கள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பக்கத்துல யாரும் இருமலியே தம்பி" என்பார்கள்.

இதைச் சபைக் கதையாக மட்டும் எழுதவில்லை. தமிழ்ச் சங்கமோ, கோயில் கமிட்டியோ, குடியிருப்போர் நலச் சங்கமோ, பொறுப்பில் இருக்கும் எல்லாருக்கும் இது பொருந்தும். தலைமையைப் பற்றி அடுத்த பேச்சைக் கேட்பதற்கு முன், உங்கள் உறுப்பினர் பட்டியலை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். மூன்று மாதமாகக் கண்ணில் படாத பெயர் ஒன்று கட்டாயம் இருக்கும். அவருக்கு இன்றே ஒரு போன் செய்யுங்கள்.